கட்டைவிரல் பதிந்த கண்ணாடி

மரக்காணத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் ஏசுராஜிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். மாப்பிள்ளை என்று பார்க்க மாட்டான், மாமனார் என்று பார்க்க மாட்டான். கேமரா பக்கம் யார் கையாவது நீண்டால் போதும், "ஏம்பா, கண்ணாடியில கை வெக்காத!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவான். ஒரு ஞானஸ்நானத்தில் சாமியார் தெளித்த தண்ணீர் இரண்டு சொட்டு லென்ஸ் மேல் விழுந்துவிட்டது. அவரையே முறைத்தான். அவரும் பாவம், மன்னிப்புக் கேட்டார்.

என் பெயர் தட்சணாமூர்த்தி. அவன் போட்டோ, நான் வீடியோ. பதினோரு வருஷமாக ஒரே பைக்கில் போய் ஒரே பந்தியில் சாப்பிட்டு வருகிறோம். அவன் பொண்டாட்டி இன்னாசிமேரிக்கு நான் அண்ணன் மாதிரி. இதை எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவனுடைய பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் உப்பளத்தில் படம் எடுக்கப் போனான். லென்ஸ் மேல் வெள்ளையாக ஏதோ படிந்தது. தூசி என்று நினைத்துச் சட்டை முனையால் நன்றாக அழுத்தித் துடைத்தான். படிந்தது தூசியல்ல, உப்பு. புது லென்ஸ் முழுக்க வட்டவட்டமாகக் கீறல் விழுந்தது. பாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதான் என்று உப்பளத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். இந்த ஊர்க் காற்றில் லென்ஸ் வெறும் முகத்தோடு வெளியே வரக்கூடாது. லென்ஸுக்கு முன்னால் பில்டர் என்று ஒரு வட்டக் கண்ணாடியைத் திருகி மாட்டுவான். அதற்கும் முன்னால் ஹூட் என்கிற கறுப்பு வளையம். கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு சொல்வான். "பில்டர் எதுக்குன்னா, லென்ஸுக்கு விழுற அடிய அது வாங்கிக்கணும். ஹூட் எதுக்குன்னா, வெயில் உள்ள பூந்து படத்த வெளுக்க வெக்கக்கூடாது. யார் கையும் படக்கூடாது." துடைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ரப்பர் பல்பால் ஊதுவான். அப்புறம் பிரஷ். அப்புறம் வாயால் ஒரு ஆவி. கடைசியில் துணி, நடுவிலிருந்து வெளியே வட்டமாக. எல்லாம் சேர்த்து பத்து செகண்ட். பேசிக்கொண்டே செய்வான், கொட்டாவி விட்டுக்கொண்டே செய்வான். "துடைடா" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் முடித்திருப்பான்.

அவனுக்கு ஆஷ்லின் என்று ஒரே பெண். ஆறு வயசு. என் மகள் இலக்கியாவோடு ஒன்றாம் வகுப்பு படித்தாள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்ப இன்னாசிமேரி அவளுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பாதி சீவலில் நழுவி ஓடிய ஆஷ்லின், மேசை மேல் இருந்த கேமராவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, உள்ள நான் தெரியிறேன்!" என்று சொல்லி, எண்ணெய்க் கையால் தன் உருவத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள்.

ஏசுராஜ் கத்தினான். மாப்பிள்ளைகளையும் சாமியாரையும் எப்படிக் கத்துவானோ அப்படியே. "எத்தினி தடவ சொல்றது! அறிவு இருக்குதா உனக்கு?" குழந்தை அழுதுகொண்டே கோயிலுக்குப் போயிற்று. அவன் அந்த பில்டரைக் கழற்றி, சாயந்திரம் நிதானமாகத் துடைக்கலாம் என்று டப்பாவில் போட்டு மூடினான். வேறொன்றை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக்காய்ச்சல் என்றார்கள். பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "லென்ஸுக்கு முன்னாடி கண்ணாடி மாட்டி, அதுக்கு முன்னாடி வளையம் மாட்டிப் பாதுகாத்தேன்டா. புள்ளைக்கு ஒரு கொசுவல வாங்கிக் கட்டலடா நான்."

அடக்கத்தன்று பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுப்பது அவர்கள் வழக்கம். எடுக்க வேறு ஆள் இல்லை. அவன் கேமராவை என்னிடம் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் ஊதி, பிரஷ் போட்டு, துடைத்துக் கொடுத்தான். மகள் பெட்டிக்குள் கிடக்கிறாள், இவன் கண் எங்கேயோ நிற்கிறது, கை மட்டும் வட்டமாகத் துடைக்கிறது. எனக்கு அப்போதே பயமாக இருந்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துத்தான் அந்த டப்பாவைத் திறந்தான். கண்ணாடியின் நடுவில் அவள் கட்டைவிரல், ரேகை ரேகையாக, ஒரு கோடு கலையாமல் இருந்தது. "அவ போட்டோ ஆயிரம் இருக்குதுடா. எல்லாம் நான் எடுத்தது. இது ஒண்ணுதான் அவளா வெச்சது" என்றான். தான் திட்டி அழவைத்த விரல் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அதன் பிறகு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. பகலெல்லாம் அந்த டப்பா அவன் சட்டைப் பையில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவள் கையை நீட்டுவாள், கொடுத்துவிடுவான். அவள் திறந்து பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். எண்ணெய் வாசனை என்றைக்கோ போய்விட்டது. ஆனாலும் முகர்வாள். பிறகு செபமாலை சொல்ல உட்காருவாள். அவள் ஒரு வாய் சோறு தின்பது இதற்குப் பிறகுதான். அந்த விரல் இல்லாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மாசி மாதம் சரவணகுமார், சரண்யா என்று ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முன்பு உப்பளத்தில் படம் எடுக்க வேண்டும் என்று வந்தார்கள். இப்போது எல்லோருக்கும் உப்புக் குவியல் வேண்டும். அதில் வேலை செய்கிறவர்கள் காலில் வெடிப்போடு நடப்பார்கள், இவர்கள் அதன் முன்னால் கட்டிப்பிடித்து நிற்பார்கள். சரி, நமக்கும் பிழைப்பு அதுதானே.

நாலரை மணிக்கு ஆரம்பித்தோம். பில்டரில் உப்பு படிந்துவிட்டதென்று துடைப்பதற்காக ஏசுராஜ் ஹூட்டைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்து கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் வரப்புச் சேற்றில் இறங்கியது. கேமரா குப்புற விழுந்தது. பில்டர் இரண்டாகப் பிளந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, அடிய அது வாங்கிக்கிச்சி" என்றான். நாலு மாதத்தில் முதல் முறையாக லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

நான் என் வீடியோ கேமராவைத் துணியால் மூடப் போனேன். திரும்பி வந்தபோது அவன் லென்ஸில் பில்டர் இருந்தது, ஹூட்டும் மாட்டியிருந்தது. எங்கிருந்து வந்தது அந்த பில்டர்? நான் கேட்கவில்லை. பையில் இன்னொன்று வைத்திருப்பான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் புரிகிறது. உப்புக் காற்றில் லென்ஸை வெறுமனே திறக்க அவனால் முடியாது. சட்டைப் பையில் இருந்ததை எடுத்து மாட்டியிருக்கிறான். விரல் பதிந்திருந்தாலும் படத்தில் பெரிதாகத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். எதுவும் பட்டுவிடாமல் இருக்க ஹூட்டையும் மாட்டிவிட்டான்.

ஒரு மணி நேரம் படம் நன்றாகத்தான் வந்தது. வெயில் சாய்ந்ததும் சரண்யா, "அண்ணா, சூரியன் எங்க பின்னாடி வர்ற மாதிரி ஒண்ணு" என்று கேட்டாள். வெயில் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் ஹூட் என்ன செய்யும்? நான் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மங்கல்.

"ஏசு, கறை தெரியுதுடா. துடை" என்றேன்.

பதினோரு வருஷமாக ஆயிரம் தடவை சொன்ன அதே சொல். அவன் சரண்யாவைப் பார்த்து, "தலைய லைட்டா சாச்சிக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே ஹூட்டைக் கழற்றினான். ஊதினான். பிரஷ் போட்டான். ஆவி விட்டான். துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடைத்தான். பத்து செகண்ட்.

துணியை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் அவன் கை நின்றது. டப்பா இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தான். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவ்வளவு சுத்தம். அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் அது எந்த பில்டர் என்று எனக்கு விளங்கியது.

"அண்ணா, லைட் போவுது" என்றான் சரவணகுமார். ஏசுராஜ் மிச்சப் படங்களையும் எடுத்து முடித்தான். அவன் எடுத்ததிலேயே தெளிவான படங்கள் அவை என்று பிறகு அவர்கள் சொன்னார்கள். நாசமாய்ப் போக அந்தத் தெளிவு.

பைக்கில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "மேரி கைய நீட்டுவாடா."

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "என் வீட்டுக்குப் போலாம். இலக்கியா இருக்கா. அதே வயசு. கொஞ்சம் எண்ணெயத் தொட்டு ஒரு விரல வெச்சிட்டா..." என்றேன். நான் வண்டியைத் திருப்பினேன்.

இலக்கியாவின் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு அவன் முன்னால் நிறுத்தினேன். அவள் கண்ணாடியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கேட்டாள். "கை வெச்சா திட்டுவீங்களே மாமா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "திட்ட மாட்டேன் கண்ணு. இனிமே யாரையும் திட்ட மாட்டேன். நல்லா அழுத்தி வெய்யி" என்றான். அவள் வைத்தாள்.

அவன் வீட்டுக்கு நானும் போனேன். இன்னாசிமேரி வழக்கம்போலக் கையை நீட்டினாள். டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். பிறகு அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

தேங்காய் எண்ணெய் வாசனை. அதை நாங்கள் இரண்டு முட்டாள்களும் நினைக்கவே இல்லை. அவள் முகம் ஒரு கணம் அப்படியே மலர்ந்தது. மகள் வாசனை திரும்பி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அப்புறம் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"இலக்கியாவாண்ணா?" என்று என்னைக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. நான் தலை குனிந்துகொண்டேன். அவள் கண்ணாடியைப் புருஷன் கையில் கொடுத்தாள். "இது நம்ம புள்ளது இல்லங்க. துடைச்சிடுங்க. நாளைக்கு வேலைக்கு வேணும் இல்ல" என்றாள்.

அவன் துணியை எடுத்தான். கண்ணாடிக்கு மேலே துணியைப் பிடித்தபடி நின்றான். வாயில் ஆவி வரவில்லை. கை அசையவில்லை. பதினோரு வருஷத்தில் அந்தக் கை துடைக்க மறுத்தது அன்றைக்குத்தான், அதுவும் வேறொரு குழந்தையின் விரலை.

இன்னாசிமேரி உள்ளே போய்விட்டாள். அன்று அந்த வீட்டில் செபமாலை சத்தம் கேட்கவில்லை. நான் அவன் கையிலிருந்து துணியை வாங்கி, என் மகளின் விரலை நானே துடைத்தேன். துடை என்று சொன்னவன் நான்தானே.