நடுக்காட்டில் உடைத்த தேங்காய்

நாளைக்குக் கதிர்காமம் புறப்படும் அடியார்களே, மூட்டை கட்டும் முன் நான் பட்டதையும் கேட்டுவிட்டுப் போங்கள். நான் பிரசங்கம் செய்யத் தெரிந்தவள் இல்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கொஞ்சம் வாய் நீளம். சாமியிடமும் அப்படித்தான்.

என் புருஷன் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். ஒரு மழை நாளில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் போகவிடாமல் லொறியை மண்மேட்டில் மோதி நிறுத்தினார். கூட இருந்த கிளீனர் தம்பிக்குக் கால் முறிந்தது. கட்டுப் போட்டு, அவன் எழுந்து நடந்துவிட்டான். இவர் மனசுதான் எழவில்லை.

அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தொட்டால் கை நடுங்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்குப் போனார். வீட்டில் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அட்டன் டவுன் டாக்டர் மாத்திரை கொடுத்தார். செய்வினை என்றார்கள், மந்திரித்தோம். ஒன்றும் அசையவில்லை. இரண்டு வருஷம் அப்படிப் போனது. உயிரோடு இருக்கும் மனுசனை இழந்துவிட்டேனே என்று தேயிலை மரத்துக்கு நடுவில் நின்று அழுதிருக்கிறேன்.

ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "கந்தா, மயில் ஓட்டுறவனுக்கு ஒரு லொறிக்காரன் கஷ்டம் தெரியாதா? அவரை உன் வாசலுக்கே கூட்டிக்கிட்டு வாறேன். ஸ்டியரிங்கை அவர் கையில திருப்பிக் குடு. ஒரு சாக்குத் தேங்காய் உடைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

நாட்டில் சண்டை நின்று, ரோட்டில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த காலம் அது. ஆடித் திருவிழாவுக்குப் போவது என்று முடிவு செய்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டு ராசாத்தியும் நானும் கொழுந்து எடுத்துக்கொண்டே திட்டம் போட்டோம். முதல் இரவு வெல்லவாயப் பக்கம் ஆற்றங்கரையில் தார்ப்பாய் கட்டித் தங்குவது. மறுநாள் புத்தல காட்டு ரோடு வழியாகக் கதிர்காமம். மாணிக்க கங்கைக் கரையில் அடுப்பு மூட்டிச் சமைத்து இரண்டு நாள் இருப்பது. அங்கிருந்து ஜீப் பிடித்து யால காட்டுக்குள் போவது. திரும்பும்போது உடவளவையில் யானை பார்ப்பது. பிள்ளைகளுக்குத் தூக்கமே இல்லை.

"ஏண்டி லெச்சுமி, சாமி கும்புடப் போறியா, யானை பாக்கப் போறியா?" என்றாள் ராசாத்தி.

"ரெண்டுக்குந்தான் போறேன். உனக்கென்னடி?"

இவர் வரமாட்டேன் என்று ஒரே பிடி. நான் விடுவேனா? "நீங்க ஒண்ணும் ஓட்ட வேணாங்க. பின் சீட்டுல கண்ணை மூடிக்கிட்டு வாங்க, போதும்" என்று இழுத்து ஏற்றினேன். வேன் எங்கள் கடைவீதி சுனில் தம்பியுடையது. அவனே ஓட்டினான்.

முதல் நாள் திட்டப்படியே போனது. மறுநாள் புத்தல தாண்டி, இரண்டு பக்கமும் காடு. குண்டும் குழியுமான ரோடு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்! திடீரென்று முன்னால் குப்பென்று ஆவி. சுனில் குதித்து இறங்கி, அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டான். கொதிநீர் வலது கை முழுக்கக் கொட்டியது. ஐயோ, அவன் அலறிய அலறல்!

பின் சீட்டிலிருந்து ஒரு அதட்டல் கேட்டது.

"சூட்டோட மூடியைத் தொறக்கலாமாடா? டிரைவரா நீ?"

என் புருஷன். இரண்டு வருஷமாக நான் கேட்காத குரல். இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி கொண்டா புள்ள."

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. கம்பளி எடுத்திருந்தேன், குரங்குக் குல்லா எடுத்திருந்தேன், தேயிலைத்தூள் எடுத்திருந்தேன். தண்ணீர் எடுக்கவில்லை. நம் மலையில் எந்த வளைவில் நின்றாலும் ஒரு பீலியில் தண்ணீர் கொட்டும். தண்ணீரை யாராவது சுமந்து போவார்களா என்ன? இருந்த ஒரு போத்தலையும் பிள்ளைகள் காலையிலேயே குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

"இல்லைங்க" என்றேன்.

"தேங்காய் இருக்குல்ல?"

"ஐயோ, அது நேத்திக்கடன்ங்க!"

"யாருக்கு நேந்த?"

"உங்களுக்குத்தாங்க."

"அப்ப உடை."

கை கூசியது. "கந்தா, பொறுத்துக்கோ" என்று ரோட்டுக் கல்லிலேயே சாக்கு முழுவதையும் உடைத்தேன். முதல் தேங்காய்த் தண்ணீர் சுனில் கைக்கு. அடுத்தது தாகத்தில் அழுத பிள்ளைகளுக்கு. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து மீதியை ரேடியேட்டரில் ஊற்றினார் இவர். "ஊருக்குப் போனதும் நல்லாக் கழுவணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எல்லாம் சரி, யார் ஓட்டுவது? சுனில் கை கொப்பளித்து வீங்கிவிட்டது. எல்லோரும் இவரைப் பார்த்தோம். இவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னால ஏலாது. வேற வண்டி வரட்டும்."

ஒரு வண்டியும் வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் வேனுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடினேன். நேர்ந்த தேங்காயும் போய்விட்டது. கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "முருகா, வாசல் வரைக்கும் வர விடமாட்டியா? இங்கேயே குடுத்திரு" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா, யானை!" என்று மகள் கத்தினாள்.

வேனுக்குப் பின்னால், தேங்காய் வாசத்துக்குக் காட்டைவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒற்றை யானை. இவர் வெளியில் நின்று முன்மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். கிட்ட இருந்த கதவு டிரைவர் கதவுதான். திறந்து உள்ளே பாய்ந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க!" என்று ராசாத்தி அலறினாள்.

சாவியைப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது. அவர் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான். வண்டி உறுமியது. நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் யானை எங்களைச் சட்டையே செய்யாமல், ரோட்டில் கிடந்த தேங்காயை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

முதல் வளைவில் கை நடுங்கியது. அடுத்த வளைவிலும் நடுங்கியது. அதற்குப் பிறகு நடுங்கவில்லை.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

நான் வாய்விட்டு அழுதேன். கதிர்காமம் வரைக்கும் அழுதேன்.

சுனிலை முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வெறுங்கையோடு சந்நிதியில் நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வள்ளியை முருகன் கையில் சேர்க்க யானையாக வந்தவர் யார்? அண்ணன் பிள்ளையார்தானே! என் புருஷனை டிரைவர் சீட்டில் சேர்க்கவும் அவரேதான் வந்தார். எந்தக் காரியத்துக்கும் முதல் தேங்காய் அவருக்குத்தானே? அவர் பங்கை அவர் வந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதமே இவர் கொழுந்து லொறியில் ஏறினார். வீட்டில் பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது, என்னோடு சண்டையும் வந்தது. அதற்கும் சேர்த்து அப்பனுக்குக் கோடி நமஸ்காரம்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் எழுந்திருக்காத மனுசர் இருக்கலாம். விட்டுவிடாதீர்கள். இழுத்துக்கொண்டாவது வாருங்கள். சாமியிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். அவன் வாசலில்தான் தருவான் என்று இல்லை, பாதி வழியிலும் தருவான். தண்ணீரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் பஸ்ஸில் ஏறும்போது, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருடைய கைகளை ஒரு தடவை பாருங்கள். அவர்தான் என் வீட்டுக்காரர்.