என் மனைவியின் பிரெஞ்சு டொக்டர்

எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரன்மேல் பொறாமை வந்தது. அவன் ஒரு டொக்டர், இளைஞன், ராணுவத்தில் இருந்தவன். இத்தனைக்கும் அவன் பிறக்கவேயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ எழுதிய காதல் கதை ஒன்றில் வருகிறவன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உயிரோடு இருக்கும் ஆளென்றால் நேரே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவனை எங்கே போய்ப் பிடிப்பது?

என் மனைவி சிறு பிள்ளையாகவே யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்குப் போய், அங்கே படித்து வளர்ந்தவள். என்னைக் கலியாணம் கட்டித்தான் லண்டனுக்கு வந்தாள். நான் அங்கே வெம்பிளியில் வீடு வீடாகப் போய், வெந்நீரும் சூடும் தரும் பொய்லர் திருத்துகிறவன். அவள் தன் தங்கையோடு போனில் கதைக்கும்போது தவிர எங்கள் வீட்டில் பிரெஞ்சு கேட்காது. போன வருடம் பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று நூலகத்தில் நடக்கும் வாசிப்பு வட்டத்தில் சேர்ந்தாள். அங்கேதான் அந்த டொக்டர் வரும் கதையை எடுத்தார்கள். மற்றவர்கள் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். முக்கியமான இடங்களைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டும் பொறுப்பை இவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனவன் வேளைக்கே, கூட்டம் முடியுமுன்னே, போய்விட்டேன். பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதேயில்லை. தாழ்ந்தது, தயங்கியது, திடீரென்று உயர்ந்தது, ஓரிடத்தில் உடைந்தும் போனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னத்துக்கு அழுதனீர்?" என்று காருக்குள் கேட்டேன்.

"அந்த டொக்டர் தன்ர மனசைத் திறந்து சொல்லுற இடம். உங்களுக்கு விளங்காது, விடுங்கோ."

அந்த 'விளங்காது'தான் என்னைச் சுட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கி வேனுக்குள் ஒளித்துவைத்தேன். ஒரு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகுமுன், ரோல்ஸைக் கடித்தபடி வாசிப்பேன். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விதவை. காயம்பட்டு அவள் வீட்டில் தங்கும் டொக்டர். கதை இவ்வளவுதான்.

ஆனால் அப்பப்பா, என்ன பேச்சு! அவள் கையுறையைக் கழற்றினால் இவனுக்கு முகம் வெளிறும். அவள் ஜன்னலைச் சாத்தினால் அரைப் பக்கத்துக்கு நடுங்குவான். நம்பிக்கை வேறு, பயம் வேறு, பயத்துக்குள் இருக்கும் சந்தோசம் வேறு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துவைத்துப் பேசுவான். கடைசியில் முழங்காலில் நின்று, மூச்சு விடாமல், நாலு பக்கம். என் கலியாண வாழ்க்கை முழுவதையும் கூட்டினாலும் அந்த நாலு பக்கம் தேறாது. "கோவமோ?" "இல்லை." "சரி." எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது. தமிழில் சொல் இல்லாமலில்லை, சினிமாப் பாட்டுகளில் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து சமையலறையில் நின்று சொல்லப் போனால்தான் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒருநாள் நானும் சொன்னேன். டொக்டரின் வசனம் ஒன்றைத் தமிழாக்கி, வேனுக்குள் பலதரம் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கியிருந்தேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், நீர் எழும்பிப் போனால், அந்த அறையில நிக்கிற வெளிச்சத்துக்கே என்ன செய்யிறதெண்டு தெரியுதில்லை."

அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"களவெடுத்துப்போட்டியள்! டொக்டர் சொன்னதெல்லே இது? அவன் இன்னும் வடிவாச் சொல்லுவான்."

அன்றைக்கு எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பசி வயிற்றைக் கிள்ளியது, ஆனால் அவள் கையால் வாங்கிச் சாப்பிட ரோசம் விடவில்லை. அவனில் ஒரு பிழையாவது பிடிக்காமல் விடுவதில்லை என்று மிச்சக் கதையையும் வாசித்தேன்.

பிடித்தேன். காயம் ஆறியதும் ஐயா பட்டாளத்தோடு புறப்படுகிறார். திரும்பி வருவேன் என்றவர் வரவேயில்லை. தளபதியின் மகளைக் கட்டிக்கொண்டு பாரிசில் பெரிய மனிதராகிவிடுகிறார். விதவை தோட்டத்திலேயே கிழவியாகிறாள். எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். இவ்வளவு பேசியவன் ஓடிவிட்டான், ஒன்றும் பேசாத நான் இங்கேயே இருக்கிறேன். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சோபாவில் அந்தப் புத்தகத்தோடு இருந்தாள். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"உம்மட டொக்டர் கடைசியில விட்டிட்டு ஓடுறான், தெரியுமோ?"

"ஓம், தெரியும். பள்ளிக்கூடத்தில படிக்கேக்கையே வாசிச்ச கதை இது."

"தெரிஞ்சுகொண்டோ அழுறீர்?"

புத்தகத்தை மடியில் வைத்தாள். கோபப்படவில்லை, யோசித்துத்தான் சொன்னாள்.

"அவன் போவான் எண்டு தெரியும். ஆனா ஆராவது ஒராள் என்னைப் பார்த்து ஒருக்கா அப்பிடிச் சொன்னால், பிறகு போனாலும் பரவாயில்லை எண்டு அப்ப நினைச்சனான்."

"இப்ப?" என்றேன்.

அவள் மடியிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவினாள்.

"நான் போகேல்லையே," என்றேன்.

"ஓம். நீங்கள் போகமாட்டியள்."

அன்பாகத்தான் சொன்னாள். என் கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டும் அதோடு போயிற்று. எழுந்து போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. அந்தக் குரல் எனக்கும் ஒருதரம் வேண்டும்போல் இருந்தது.

"அந்த நாலு பக்கத்தையும் எனக்கு ஒருக்கா வாசியும். பிரெஞ்சிலயே வாசியும்."

"உங்களுக்கு விளங்காதே."

"பரவாயில்லை, வாசியும்."

பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, புத்தகம் தானாகவே அந்த இடத்தில் விரிந்தது. நூலகத்தில் கேட்ட அதே குரல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் அசையாமல் இருந்தேன். நடுவில் ஒருதரம் நிறுத்தி, கண் கலங்க நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை எனக்கா, அவனுக்கா என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.