காகிதத்தில் நின்ற மதில்

எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்கு ஐம்பத்திரண்டு ஜன்னல், மூன்று மாடிப்படி, ஒரே ஒரு வாசல். அப்படித்தான் வரைபடம் சொன்னது. நான் அங்கே வேலை பார்த்த பதினோரு வருடமும் கலெக்டரிலிருந்து கடைநிலை ஊழியர் வரை எல்லோரும் இரண்டாவது வாசல் வழியாகத்தான் போய்வந்தோம்.

அது வாசல்கூட இல்லை, ஓட்டை. ஒரு புயலில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து, பின்பக்க மதிலில் ஒரு மாட்டுவண்டி நுழைகிற அளவுக்கு இடிந்துபோயிற்று. செப்பனிட எழுதிய காகிதம் சென்னைக்குப் போனது போனதுதான். ஆனால் வருடா வருடம் ஒரு சான்று மட்டும் அனுப்ப வேண்டும்: 'மதில் சுவர் நல்ல நிலையில் உள்ளது.' இடிந்தது என்று எழுதினால், இத்தனை நாள் ஏன் கட்டவில்லை என்று கேள்வி வருமாம். அதை அழகான கையெழுத்தில் எழுதியது சாட்சாத் நானேதான்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை, கரையில் டீக்கடை, வழி நெடுக நாயுருவிச் செடி. டீ குடித்துவிட்டு வந்தால் புடவைக் கரை முழுக்க விதை ஒட்டியிருக்கும். மத்தியானம் நாங்கள் வேலை பார்த்ததைவிட நாயுருவி பிடுங்கியதுதான் அதிகம்.

ஆட்சி மாறி, அறைப் பலகைகளெல்லாம் தமிழுக்கு மாறியிருந்த காலம். திருவாரூர்ப் பக்கம் கூலித் தகராறு, நிலத் தகராறு, தினம் ஓர் ஊர்வலம். எங்கள் கட்டடத்துக்கும் பலத்த பாதுகாப்பு வந்தது. முன்வாசலில் மூங்கில் தடுப்பு, துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு மேஜை, வருகைப் பதிவேடு. மேஜைக்கு என்னைப் போட்டார்கள். பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தில் கல்லெறிய மாட்டார்கள் என்பது மேலதிகாரியின் கணிப்பு. எறிந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "குனிஞ்சுக்கோங்கம்மா" என்றார்.

பின்னால் ஏன் காவல் இல்லை என்றும் கேட்டேன். நல்ல நிலையில் இருக்கும் மதிலுக்குக் காவல் எதற்கு என்று என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார். முன்வாசல் போலீஸ்காரர்கள் டீக்கு ஓட்டை வழியாகப் போய்வந்தார்கள்.

குத்தகைதாரர்கள் பெயரைப் பதிவுசெய்ய மனு கொடுக்கும் கடைசி நாள் வந்தது. பதியாவிட்டால், நிலத்துக்காரர், 'இவர் என் குத்தகைதாரரே இல்லை' என்று சொல்லி வெளியேற்றிவிடலாம். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷன் இல்லை. மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தைப் பத்து வருடமாகத் தனியாக உழுது வந்தவர். அன்றைக்குப் பார்த்து ஊர்வலம் வருகிறது என்று புரளி கிளம்பி, முன்வாசலை அடைத்துவிட்டார்கள்.

"அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும் தாயி. இல்லாட்டி என் நெலம் போயிடும்" என்றார், மனுவை மார்போடு அணைத்துக்கொண்டு.

பரிதாபமாக இருந்தது. "டீக்கடைப் பக்கமா சுத்திப் போங்க, மதில் இடிஞ்சிருக்கும்" என்று காதோடு சொன்னேன். போனார், மனுவில் முத்திரை வாங்கினார், திரும்பினார். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. இல்லாத வழியாக வந்தவரை எப்படி எழுதுவது?

இரண்டு மாதம் கழித்து விசாரணை. நிலத்துக்காரரின் வக்கீல், முத்திரை கெடு முடிந்தபின் முன்தேதியிட்டுக் குத்தியது என்றார். ஆதாரம் என் பதிவேடு. அதன்படி அன்றைக்கு அந்த அம்மா கட்டடத்துக்குள் வரவே இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். "உள்ள வர வேற வழி இருக்காம்மா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி. அவர் மேஜைமேல், மதில் நல்ல நிலையில் இருப்பதாக நான் எழுதிய சான்று. என் வேலை கண்ணுக்கு முன்னால் ஆடியது.

"இல்லைங்க சார்" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அதிகாரியிடம் திரும்பினார்.

"ஐயா, முன்வாசல்ல சிமிட்டித் தரைதானே இருக்கு? அங்க நாயுருவி மொளைக்குதா? இந்த ஆபீஸ் அம்மா பொடவைய பாருங்க. வக்கீல் ஐயா காலப் பாருங்க. நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்கய்யா."

அறை முழுக்கக் குனிந்தது. வக்கீலின் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரை நாயுருவி. அதிகாரி தன் காலிலிருந்து ஒரு விதையைப் பிடுங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் என் சான்றின்மேல் வைத்தார். சிரிப்பை அடக்க டவாலி போட்ட பியூன் வெளியே ஓடினார்.

மனு செல்லும் என்று உத்தரவானது. கூடவே இன்னோர் உத்தரவு: மதிலோரம் வளர்ந்துள்ள நாயுருவியை மாதம் ஒருமுறை அகற்ற வேண்டும். மதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் அந்த அம்மா என் மேஜைக்கு வந்தார். "இன்னக்கி நான் வந்தேன்னு எழுதுங்கம்மா." எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"வழி சொன்னதே இந்தம்மாதான்னு உள்ள சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வேல போயிடுமே, பாவம்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

நிலம் போக இருந்தவர் என் வேலையைப் பற்றி யோசித்திருக்கிறார். நான் தலை நிமிராமல் புடவையில் நாயுருவி பிடுங்கிக்கொண்டிருந்தேன்.