பச்சைப் புள்ளி

தர்சினிக்கு அருவருப்பு வராது. அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். சீழ் பிடித்த புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, அதே வீட்டுக் குசினியில் நின்றபடி இடியப்பத்தையும் சொதியையும் ருசித்துச் சாப்பிடக்கூடியவள். படுக்கையிலேயே மலம் போய்விட்ட கிழவரைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போதும் முகம் சுளிக்கமாட்டாள். "மனுசரின்ரை உடம்பிலையிருந்து பின்னை என்ன சந்தனமே வரும்?" என்று சிரிப்பாள். படுத்திருப்பவரின் வெட்கம் அதிலேயே பாதி போய்விடும்.

மருதனார்மடத்தில், சந்தைக்குப் பின்பக்கமாக அவளுடைய வீடு. புருசனுக்கு மேசன் வேலை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி உதவியாளராகப் பல வருசம் நின்றவள், இரவு வேலை குடும்பத்துக்கு ஒத்துவராமல் அதை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் வயது போனவர்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்தில் இப்போது நன்றாக ஓடும் தொழில் அது. பிள்ளைகள் கனடாவில், லண்டனில். தாயும் தகப்பனும் ஐந்தறை வீட்டில் தனிய. இரண்டுக்கும் நடுவில் ஒரு தர்சினி ஸ்கூட்டியில் ஓடித் திரிய வேண்டும்.

சேர்ந்த அன்றே நிறுவனத்தின் கந்தோரில் அவளுக்கு ஒரு போன் கொடுத்தார்கள். அதற்குள் 'பக்கத்துணை' என்று ஒரு செயலி. நியாயமாகச் சொன்னால், அது நல்ல சாமான்தான். எந்த வீட்டுக்கு எந்த ஒழுங்கையால் போவது, யாருக்கு எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று எல்லாம் சொல்லும். பிரஷர் பார்க்கும் கருவியிலிருந்து இலக்கத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். வீட்டுப் படலைக்குள் நுழைந்தால் வருகையைத் தானே தொடங்கும், படலையைத் தாண்டினால் தானே முடிக்கும். எதையாவது நிரப்ப மறந்துவிட்டால், முந்தைய தடவை போட்டதையே திரும்பப் போட்டு அனுப்பிவிடும்.

"ஓடித் திரிஞ்சு வேலை செய்யிற ஆக்களுக்கெண்டே செய்ததக்கா. எவ்வளவு நேரம் மிச்சம் பாருங்கோ" என்றான் கோகுலன். அவளுக்கு மேலதிகாரி, அவளைவிட வயது குறைந்தவன், இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்புக் குலையாதவன். ஒரு புண்ணைக்கூடக் கிட்ட நின்று பார்த்திருக்கமாட்டான்.

வருகை முடிந்ததும் போன் ஒரு இனிப்பான பெண்குரலில், "நன்றி அம்மா. நாளையும் வருவோம்" என்று சொல்லும். காது மந்தமானவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள். அதே நொடியில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் போனுக்கு ஒரு செய்தி போகும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் சுகம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் அம்புலன்ஸ்.

உடுப்பிட்டியில் இருந்த பராசக்தி அம்மா வீடுதான் ஒவ்வொரு நாளும் தர்சினியின் முதல் வீடு. காலையில் வல்லை வெளிக் காற்றில் ஸ்கூட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போவாள். அம்மாவுக்குச் சீனி வருத்தம், குதிக்காலில் ஆறாத புண், பெலன் குறைந்த இருதயம். துணைக்கு அவருடைய மச்சாள் நாகேஸ்வரி. ஒரே மகன் சிவகரன் கனடாவில். செயலி வருவதற்கு முதல் அவன் தினமும் போன் எடுத்து, "சாப்பிட்டியளே அம்மா?" என்று கேட்பானாம். செயலி வந்தபிறகு வேலையிடத்தில் நின்றபடியே புள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. போன் எடுப்பது குறைந்தது. பதிலுக்கு ஒரு சிவப்பு இருதயப் படம் வரும். அதை நாகேஸ்வரி கொண்டுவந்து காட்டுவார். பராசக்தி அம்மா கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்துவிட்டு, "உதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்பார்.

பெற்ற தாய்க்குப் படம் அனுப்புகிறவனை என்ன சொல்வது! அதுவும் சொந்தக் குரல் இருக்கத்தக்கதாக.

போனிலிருந்து வரும் குரலோடு பராசக்தி அம்மாவுக்கு முதலில் நல்ல சிநேகம். அது படலையடியிலிருந்து "நாளையும் வருவோம்" என்று சொல்ல, "ஓம் பிள்ளை, வா" என்று மறுமொழி சொல்வார். ஒருநாள் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"மோனை, உது எல்லாம் காட்டுமெண்டெல்லோ சொல்லுறியள். தம்பி சிவகரன் எப்ப வாறான் எண்டும் அதிலை போடுமே?"

"அதெல்லாம் போடாதெணை அம்மா. நீங்கள் போன் எடுத்து வரச்சொல்லிக் கேளுங்கோவன்."

"சீச்சீ. அவனுக்கு வேலை கிடக்கும். நான் அவனை ஏன் கரைச்சல் படுத்துவான்?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. மகன் எப்போதாவது எடுத்தாலும், "எனக்கென்ன ராசா, நல்ல சுகம்" என்பார். ஆனால் கட்டிலை மட்டும் வாசல் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார்.

சித்திரை வெயிலோடு அவர் மெல்ல மெல்லச் சாப்பாட்டை விட்டார். கஞ்சியை வாயில் வைத்தால் கடைவாயால் வழியும். நிறுவனத்து டொக்டர் வந்து பார்த்தார். தர்சினியை வெளியே கூப்பிட்டு, "இனி மருந்திலை ஒண்டுமில்லை. மகனை வரச்சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் வைத்துச் சாகவிட வேண்டாம் என்று பராசக்தி அம்மா கையைப் பிடித்துக் கேட்டிருந்ததால் சிவப்பைப் போட வழியில்லை. அதனால் தர்சினி மஞ்சள் போட்டாள்.

பின்னேரம் பார்த்தால் அது பச்சையாக மாறிக் கிடந்தது. அடுத்த நாளும் மஞ்சள் போட்டாள். அடுத்த நாளும் பச்சை. கந்தோருக்கு எடுத்துக் கேட்டாள்.

"நான் மஞ்சள் போட நீங்கள் ஏன் தம்பி பச்சையாக்கிறியள்?"

"இலக்கம் எல்லாம் சரியெல்லோ அக்கா? பிரஷர் சரி, சீனி சரி. மஞ்சள் போட்டால் அங்கையிருந்து அடிச்சு அடிச்சுக் கேப்பினம். எல்லாருக்கும் மறுமொழி சொல்ல இஞ்சை ஆளில்லை."

"மனிசி சாப்பிடுறா இல்லையெல்லோ!"

"அதைப் போட ஆப்பிலை இடமில்லை அக்கா."

தர்சினி போனை வைத்தாள். எத்தனையோ விதமான நாற்றத்தில் நின்று வேலை செய்தவள். மடிப்புக் குலையாத சட்டைக்குள்ளிருந்து வந்த அந்த ஒரு பதிலைத் தாங்க முடியவில்லை.

குடும்பத்தாரோடு நேரே பேசக்கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம். எல்லாக் கதையும் செயலிக்குள்ளேதான் நடக்க வேண்டும். தர்சினி அந்தச் சட்டத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாகேஸ்வரியின் போனை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் சிவகரனை எடுத்தாள்.

"அண்ணை, நான் அம்மாவைப் பாக்க வாற தர்சினி. அம்மாவுக்கு ஏலாது. டொக்டரும் உங்களைக் கூப்பிடச் சொல்லிப்போட்டார். வாறதெண்டால் இப்ப வாங்கோ."

 "மிஸ், நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். பச்சையெண்டுதானே கிடக்கு?"

"அது மிசின் அளக்கிறது அண்ணை. அம்மா சாப்பிடுறா இல்லை. வாசலைப் பாத்தபடி கிடக்கிறா."

"நாகேஸ்வரி மாமியும் இப்பிடித்தான் சொன்னவ. அவ எப்பவும் கூட்டித்தானே சொல்லுவா. நான் நல்லூர்த் திருவிழாவுக்கு ரிக்கெற் போட்டிட்டன். அதுக்கிடையிலை ஏதும் எண்டால் ஆப் காட்டும்தானே?"

நல்லூர்த் திருவிழாவுக்கு இன்னும் மாதக்கணக்கில் கிடந்தது. தன் தாயின் உடம்பைத் தினமும் தொட்டுத் துடைக்கிற ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள். அவன் புள்ளியை நம்புகிறான். போனைக் கிணற்றுக்குள் போட்டுவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. நாகேஸ்வரியின் போன் என்பதால் விட்டாள்.

அன்று பின்னேரமே கந்தோரிலிருந்து கோகுலன் எடுத்தான். சிவகரன் முறைப்பாடு போட்டிருந்தான். உங்கள் ஆள் என்னை நேரே எடுத்து வீணாகப் பயமுறுத்துகிறார் என்று. "இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் என்னாலை ஒண்டும் செய்யேலாதக்கா. நீங்கள் வேலையை விட்டு நிக்க வேண்டியதுதான்." புருசனுக்கு அப்போது வேலை குறைவு. பிள்ளைகளின் முகம் கண்ணில் வந்தது.

அடுத்த நாள் காலையில் பராசக்தி அம்மா கண்ணை மூடிக் கிடக்க, தர்சினி மஞ்சளை விட்டுப் பச்சையை அழுத்தினாள். அதற்கடுத்த நாளும் பச்சைதான். வெளியே வந்து கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். அந்த விரலை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அன்று நாகேஸ்வரி கொடுத்த சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

அப்படியே போன சில நாளில், ஒரு விடியற்காலை, பராசக்தி அம்மா வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். தர்சினி வல்லை வெளியைத் தாண்டுவதற்குள் செய்தி வந்துவிட்டது. ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டுக் கந்தோருக்குச் சொன்னாள்.

"ஓமக்கா, ஆப்பிலையிருந்து பேரை எடுத்துவிடுறன். நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போங்கோ" என்றான் கோகுலன்.

உயிரோடு இருந்தபோது கிடைக்காத லீவு சிவகரனுக்கு இப்போது கிடைத்துவிட்டது. ரிக்கெற்றும் கிடைத்தது. உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து அவனுக்காகக் காத்திருந்தார்கள். பழுதாகாமல் வைத்திருக்க இந்த ஊரில் எல்லா வசதியும் உண்டு.

எடுக்கிற நாளன்று தர்சினி இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் உடுப்பிட்டிக்குப் போனாள். பறைச் சத்தம் ஒழுங்கை முகப்பிலேயே கேட்டது. பந்தலுக்குள் பெட்டி. கமெராக்காரர் கனடாவுக்கு நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியோடு பெட்டியின் தலைமாட்டில் சிவகரன் உட்கார்ந்திருந்தான். கையில் போன். தர்சினி கால்மாட்டில் நின்று, தான் மருந்து கட்டிய குதிக்காலை ஒருமுறை தொட்டாள். நாகேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார். அப்போதுதான் அவளை யாரென்று சிவகரனுக்கு விளங்கியது.

"நீங்களே மிஸ்? ஒருக்கால் வடிவாச் சொல்லியிருக்கலாமே. நான் ஓடி வந்திருப்பன்."

"சொன்னனான்."

"ஓம். ஆனால் ஆப்பிலை..." அவன் முடிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறான், பொய் அழுகையாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது. கடைசி நாட்களில் அந்தப் பச்சையை அழுத்தியது தன்னுடைய விரல்தான் என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் வெளிக்கிட்டாள்.

மற்ற நாட்களில் "போட்டு வாறன்" என்று சொல்லாமல் யாரும் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டார்கள். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. திரும்பி வருவேன் என்பது அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுவது போலாகிவிடும். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போய்விட வேண்டும். தர்சினியும் அப்படித்தான் தலையைக் குனிந்தபடி நடந்தாள். பறையடிக்கிறவர்கள் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியிருந்தார்கள். பந்தலில் மெல்லிய விசும்பல் மட்டும்.

படலையைத் தாண்டினாள்.

"நன்றி அம்மா. நாளையும் வருவோம்."

கைப்பைக்குள்ளிருந்து வந்த அந்த இனிப்பான குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. விசும்பல் நின்றது. எல்லா முகங்களும் படலைப் பக்கம் திரும்பின. "ஐயோ, ஆரடி உது, செத்தவீட்டிலை!" என்று ஒரு கிழவி கத்தினார். தர்சினி பதறிப் பையைக் கிண்டினாள். போன் பிடிபடவில்லை. செயலியிலிருந்து அம்மாவின் பெயரை எடுக்கவில்லை. கோகுலன் எடுக்கவேயில்லை. அவள் படலைக்குள் நுழைந்ததும் அது வருகையைத் தொடங்கியிருக்கிறது. வெளியே வந்ததும் முடித்திருக்கிறது. எதுவும் நிரப்பப்படாததால் முந்தைய தடவை போட்டதையே திரும்பப் போட்டிருக்கிறது.

அப்போது பெட்டிக்குப் பக்கத்தில், சிவகரனின் கையிலிருந்த போன் டிங் என்றது.

பழக்க தோசத்தில் அவன் குனிந்து பார்த்தான். படலையில் நின்ற தர்சினிக்கு அதைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. என்ன வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைய வருகை முடிந்தது. அம்மா நலம். பக்கத்தில் பச்சைப் புள்ளி, அவளுடைய விரல் கடைசியாக வைத்தது.

சிவகரன் போனைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, படலையில் நின்றவளைப் பார்த்தான்.

சீழுக்கும் மலத்துக்கும் முகம் சுளிக்காத தர்சினி, ஒழுங்கை வேலியைப் பிடித்துக் குனிந்து நின்று, ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள்.