தடைக்காலத்து கிரீஸ்

பொன்னுரங்கத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக் அவன். என்ன சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இடது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொள்வான். வலது கையை ஒளிக்க வழியில்லை என்பதால் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எரிச்சலாக வரும். உழைக்கிற கைதானே, திருடின கையா என்று பலமுறை கேட்டுவிட்டேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

நான் பக்ருதீன். துறைமுக வாசலுக்கு எதிரே படகு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவனுக்கு வரவே வராது. அதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் கொஞ்சம் வரும்.

அவனுக்கு ஒரே மகள், மோகனப்ரியா. அனிமேஷன் படித்தவள். கம்ப்யூட்டரில் அவள் செய்கிற பொம்மை நடக்கும், அழும், கண்ணைச் சிமிட்டும். என் அக்கா மகன் அப்சல் வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் அவளுக்கு மெஷினைச் சேர்த்துக் கொடுத்தான். வீட்டில் கொண்டுவந்து வைத்த அன்று, கண்ணாடி மூடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்த பொன்னுரங்கம், ரெண்டு ஃபேன் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டி என்ன என்று கேட்டான். "அது கிராஃபிக்ஸ் கார்டு மாமா. படமெல்லாம் அதுதான் வரையுது. இதோட இன்ஜின்னு வச்சிக்கோங்க" என்றான் அப்சல். இன்ஜின் என்ற வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியும்?

மகள் தகப்பனைக் கேவலமாக நடத்தினாள் என்று யாரும் சொல்ல முடியாது. "கைய கழுவிட்டு வா நைனா" என்பாள், அது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் அவளுடன் படித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் அவன் தானாகவே கீழே இறங்கி டீக்கடையில் உட்கார்ந்துகொள்வான். மேலே வா என்று அவள் கூப்பிட்டதில்லை. அவர்கள் போன பிறகு போன் செய்வாள், அவன் ஏறிப் போவான்.

அந்தக் கார்டு ஜூலை மாதத்தில் செத்துப் போனது. திரையில் கோடு கோடாக வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. அதே வாரம் ஒரு ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் இன்னும் பெரிய கார்டு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்சல் ஒரு வழி சொன்னான். பழைய கார்டுக்கு வாரன்டி இருக்கிறது, கம்பெனி புதுசாக மாற்றிக் கொடுக்கும், அதை அப்படியே சீல் பிரிக்காமல் என்னிடம் கொடு, பெரிய கார்டு தருகிறேன், மிச்சத்தைச் சம்பளம் வந்ததும் கொடுத்தால் போதும் என்றான். ஆக, வாரன்டி கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

கார்டை சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தாள். பதில் சொல்ல அவர்கள் கூப்பிட்ட அன்று பொன்னுரங்கம் என் கடைக்கு வந்து நின்றான்.

"நீயும் வா பாய். ஏசி ரூம்லாம் எனக்கு பேஜாரா கீது."

"உன் பொண்ணு கீறா, நீ கீற. நான் இன்னாத்துக்கு?"

"வா, சொல்றேன்ல."

வியாபார நேரத்தில் கூப்பிடுகிறானே என்று திட்டிக்கொண்டேதான் போனேன். அவன் முகம் ஏன் அப்படி வெளுத்திருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

சர்வீஸ் சென்டர் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கவுண்டரில் ஷிபின் என்று பெயர் அட்டை குத்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மரியாதையான ஆள். உள்ளே போய் ஒரு தட்டில் கார்டைக் கொண்டுவந்து வைத்தார். மேல் மூடியும் ஃபேனும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

"மேடம், இது வாரன்டில வராது. இந்த அலுமினியத் தகட்டுல எல்லாம் கிரீஸ் தடவியிருக்கு, பாருங்க. சூட்டுல உருகி போர்டுக்குள்ள இறங்கிடுச்சு. ஃபேன்ல தூசி ஒட்டி அது சுத்தவே இல்ல."

"கம்பெனிலயே ஏதோ பேஸ்ட் வைப்பீங்களே, அதுவா இருக்கும்" என்றாள் மோகனப்ரியா.

"அது சிப்புக்கு மேல வைக்கிற பேஸ்ட், வெள்ளையா இருக்கும். இது மெஷின் கிரீஸ்."

நான் குனிந்து பார்த்தேன். நீல நிறம். உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் என்று படகுக்காரர்கள் கேட்டு வாங்குகிற கிரீஸ். துறைமுகத்தில் பாதிப் படகுக்கு என் கடையிலிருந்துதான் போகிறது. வாசனைகூட எனக்குத் தெரியும். திரும்பி பொன்னுரங்கத்தைப் பார்த்தேன். அவன் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அது இங்கிலீஷ் விளம்பரம். அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

முழங்கையால் இடித்தேன். அவன் அசையவில்லை.

மோகனப்ரியாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "எங்க வீட்ல யார் சார் இதைத் தொடப்போறாங்க? நான், எங்கம்மா, எங்கப்பா, அவ்ளோதான். எங்கப்பா மெக்கானிக். இன்ஜினோடயே வாழ்றவரு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு உங்க கம்பெனில யாருக்கும் தெரியாது. இதோ நிக்கிறாரு, அவரையே கேளுங்க."

கவுண்டரில் நின்ற ஏழெட்டுப் பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"சார், நீங்க எதாவது தடவினீங்களா?" என்று ஷிபின் கேட்டார்.

"நானா... இல்ல சார்."

சத்தமே வரவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. பொய் சொன்னது அவன், வியர்த்தது எனக்கு.

மோகனப்ரியா கார்டை அட்டைப்பெட்டியில் போட்டாள். "அப்போ ஒண்ணுதான். யாரோ யூஸ் பண்ண பழைய கார்டை அப்சல் அண்ணா நம்ம தலைல கட்டிட்டாரு. வாங்க, நேரா அங்கதான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

நான் படிக்கட்டிலேயே அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"கஸ்மாலம், அது என் கடை கிரீஸு. யார்கிட்ட டபாய்க்கிற?"

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மே மாதம் மகள் ட்ரெயினிங் என்று பெங்களூர் போயிருந்தாள். அது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கிற நேரம். ஓடாமல் நிற்கிற இன்ஜினைத்தான் கடல்காற்று தின்னும். அதனால் தடைக்காலம் வந்தால் போல்ட்டு, பேட்டரி டெர்மினல், தகடு என்று ஒன்று விடாமல் கிரீஸ் தடவி மூடி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மகளுடைய கம்ப்யூட்டரும் சும்மா நின்றது. கண்ணாடி மூடியின் திருகாணியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

"அப்சல் இன்ஜின்னான் பாய். ஓடாம நிக்குதே, துரு புட்ச்சுக்கினா இன்னா பண்றதுன்னு, அவ வர்றதுக்குள்ள விரல்ல எடுத்து மெல்ல தடவி வுட்டேன். நல்லதுக்குன்னுதான் பண்ணேன்."

"அத்த மேல கவுண்டர்ல சொல்றதுக்கு இன்னா?"

"வூட்டாண்ட போயி சொல்லிக்கிறேன்."

"வூட்டுக்கு எங்க போற? அவ அப்சல் கடைக்குப் போறா. அந்தப் புள்ள மானம் போவுது."

"அங்க போறதுக்குள்ள சொல்லிடறேன். சத்தியமா."

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். ஒவ்வொரு சிக்னலிலும் அவன் வாயைத் திறப்பான். மோகனப்ரியா போனில் ஸ்டூடியோவுக்கு ஏதோ எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அவன் வாய் மூடிக்கொள்ளும். பாரிமுனை தாண்டியது, ஸ்டான்லி ஆஸ்பத்திரி தாண்டியது, வண்ணாரப்பேட்டையும் வந்துவிட்டது. அவன் சொல்லவில்லை. நானே சொல்லித் தொலைத்துவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. தகப்பன் சொல்ல வேண்டியதை வேறொருவன் சொன்னால் அவன் அந்த வீட்டில் எப்படி இருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்சல் கடையில் கூட்டம். ஒரு கணவனும் மனைவியும் மகளுக்கென்று லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகனப்ரியா அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்தாள்.

"அண்ணா, உங்கள நம்பித்தானே வாங்கினேன்? பழைய கார்டை புதுசுன்னு குடுத்துட்டீங்களே. உள்ள பூரா கிரீஸ். எனக்கு வேலையே போவப் போவுது."

எல்லோருக்கும் கேட்டது. அப்சல் கார்டை எடுத்தான். தகட்டில் விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனான். பள்ளிக்கூட லீவு நாட்களையெல்லாம் என் கடையில் கழித்தவன் அவன். அந்த வாசனை அவனுக்குத் தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தான். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தான். பொன்னுரங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்சல் கார்டைக் கீழே வைத்தான். "இருக்கலாம்மா. சப்ளையர் ஏமாத்தியிருப்பான். பிரிச்சுப் பாக்காம குடுத்தது என் தப்புதான். எதாவது பண்ணிக் குடுக்குறேன், நீ கவலப்படாத" என்றான்.

லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பெட்டியை மூடி வைத்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார். அப்சல் அவர்களைத் தடுக்கவில்லை. என் அக்கா மகன் செய்யாத தப்பைத் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறான், எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இனி பொறுக்க முடியாது என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பொன்னுரங்கம் பேசிவிட்டான்.

"அவன் மேல தப்பு இல்லம்மா. நான்தான் தடவுனேன்."

மோகனப்ரியாவுக்குப் புரியவில்லை. "எத்த நைனா?"

"கிரீஸு. நீ ஊர்ல இல்லாதப்ப. சும்மா நிக்குதே, உப்புக் காத்து தின்னுடுமேன்னு, போட் இன்ஜினுக்குத் தடவுற மாரி தடவிட்டேன். அப்சலு பாவம், எனக்கோசரம் பொய் சொல்றான்."

அவள் அப்சலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கள் முகத்திலேயே பதில் இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க அவ்ளோ தூரம் கேட்டாங்களே. ஏன் இல்லன்னு சொன்ன?"

பொன்னுரங்கம் பின்னால் கட்டியிருந்த கையைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாலு பேர் முன்னாடி எங்கப்பா மெக்கானிக்குன்னு என்னிய காமிச்சு பேசுன. அதுக்கு முன்ன நீ யார்கிட்டயும் என்னிய காமிச்சதில்லம்மா. நீ பேசி முடிச்ச ஒடனே நான்தான்னு சொல்ல எனக்கு வாய் வர்ல."

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே அவள் அப்சலிடம் மன்னிப்பு கேட்டதும், அவன் "அட விடும்மா" என்றதும் காதில் விழுந்தது. தகப்பனிடம் அவள் ஒன்றும் சொன்னதாகக் கேட்கவில்லை.

பெரிய கார்டு அத்தோடு போயிற்று. ஆனால் வேலை போகவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். அப்சல் தன் வேலைக்கென்று கடையின் பின்பக்க அறையில் ஒரு பெரிய மெஷின் வைத்திருந்தான். சொந்தமாக வாங்குகிற வரை அதில் வந்து வேலை செய் என்று சொல்லிவிட்டான். இப்போது மோகனப்ரியா தினமும் காலையில் வண்ணாரப்பேட்டைக்குப் போகிறாள்.

மத்தியானச் சாப்பாட்டை பொன்னுரங்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தூக்குச்சட்டியைக் கடைப் படியில் வைத்துவிட்டு, "ஜோதி, அவள கூப்டு" என்று கடையில் வேலை பார்க்கிற ஜோதிகாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான். உள்ளே கால் வைப்பதில்லை. மெஷின் இருக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை என்பான். நான் எவ்வளவோ திட்டிப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் அப்சலைப் பார்க்கப் போயிருந்தேன். மோகனப்ரியாவின் ஸ்டூடியோவிலிருந்து யசோதரா என்று ஒரு அம்மா வந்திருந்தார், அவளுக்கு மேலதிகாரி. ஏதோ படத்தைத் திரையில் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து பொன்னுரங்கம் படியில் தூக்குச்சட்டியை வைத்தான். மோகனப்ரியா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டாள். வேலையை அப்படியே விட்டு எழுந்து போனாள். அவன் படி இறங்குவதற்குள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, அந்தக் கையை அவள் விடவில்லை.

"மேடம், இது எங்கப்பா. போட் மெக்கானிக்."

அந்த அம்மா எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பொன்னுரங்கமும் கும்பிடப் பார்த்தான், ஒரு கை மகளிடம் இருந்தது. அவன் முகம் அன்று என் கடையில் வெளுத்திருந்தது போலவே வெளுத்தது.

"மெக்கானிக்குதாம்மா. ஆனா இவ கார்டை கெடுத்தது நான்தான். கேட்டப்ப இல்லன்னும் சொல்ட்டேன்" என்றான்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கார்டு என்று கேட்டார். மோகனப்ரியா அவன் கையைப் பிடித்தபடியே நின்றாள்.