வாளிக்குப் போகாத பீர்

பீர் ருசி பார்ப்பவன் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவான் என்றொரு நம்பிக்கை நாடு முழுக்க நிலவுகிறது. இதைத் திருத்தாமல் என் கட்டை வேகாது. துப்புகிறவர்கள் ஒயின்காரர்கள். பீரின் கசப்பு தொண்டையைத் தாண்டும்போதுதான் முழுதாகத் தெரியும் என்பது எங்கள் தொழில் சாத்திரம். ஆகவே நாங்கள் விழுங்குகிறோம், கடமைக்காக. இரண்டு மடக்குக்குப் பிறகு கிளாசில் மிஞ்சுவதை மேஜைக்கடியில் உள்ள வாளியில் கொட்டிவிட வேண்டும்.

விரதம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பீர் தொழிற்சாலையில் ருசிக்குழுவின் தலைவன் நான். குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. விடைத்தாள் திருத்துகிறவர்கள், தணிக்கைக்குப் போகிறவர்கள், கல்யாணப் பந்தியில் பாயசத்தை விமர்சிக்கிறவர்கள் ஆகியோருக்கு என் துன்பம் புரியும். ருசி நாளில் ஊறுகாய் கூடாது, பூண்டு கூடாது, வாசனை சோப்பு கூடாது. ஒருநாள் ரசத்தைத் தள்ளி வைத்தபோது என் மனைவி சொன்னாள்: "மாலை போட்டவங்ககூட இவ்ளோ ஆசாரம் பாக்க மாட்டாங்க. நீங்க குடிக்கறதுக்குப் பாக்குறீங்க."

சுத்தம்

எங்கள் ஆய்வகத்தில் பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டைக் கவனிப்பவர் சித்ரா. அவருக்கு ஓர் ஆசை வந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வேகவைத்த இனிப்புத் தண்ணீரை அகலமான தட்டுகளில் ஊற்றி, திருவாலங்காட்டில் தன் வீட்டு நெல்வயல் வரப்பில் ஒரு ராத்திரி திறந்து வைத்தார். காற்றோடு வரும் ஈஸ்ட் அதில் விழுந்து தானாகப் புளிக்க வேண்டும். ஐரோப்பாவில் பண்ணை வீடுகளில் இப்படி ஒரு பீர் உண்டு. புளித்ததில் ஒரு பங்கைச் சோதனை டேங்கில் சேர்த்தார். மிச்சத்தை அடுத்த முறைக்கு விதையாக ஓர் எவர்சில்வர் கேனில் வைத்தார். மேலாளர் இதற்கு ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார்: ருசிக்குழு குறை சொன்னால் டேங்க் சாக்கடைக்கு, சித்ரா கழிவுநீர்ப் பரிசோதனைக்கு.

விதைக் கேன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சுத்தம் பார்க்கும் முனுசாமி மூடியைத் திறந்திருக்கிறார். மேலே வெள்ளையாக ஆடை, அந்த ஈஸ்டே கட்டியது. எங்கள் தொழிற்சாலையில் ஆடை கட்டிய எதுவும் உயிரோடு தப்பாது. அவருக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தவனே நான்தான். இனி அந்த ஈஸ்ட் உயிரோடு இருப்பது டேங்கில் மட்டும். முனுசாமியோ பாராட்டை எதிர்பார்த்துச் சித்ராவிடம் சொன்னார்: "பூஞ்ச பூத்துக்கினு இருந்திச்சி மேடம். ஆசிட் வுட்டுக் கழுவிட்டேன், இப்ப மூஞ்சி பாத்துக்கலாம்."

குதிரை

இந்த வகை பீரில் குதிரைப் போர்வையின் வாசனை வர வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இதை நான் குழுவுக்கு முன் உரிய கம்பீரத்துடன் வாசித்தேன். தொழிற்சாலையின் பல பிரிவுகளிலிருந்து குழுவுக்கு வந்த, நெல்லும் மாடும் அறிந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குதிரையோடு பழக்கம் உள்ளவர் யாராவது உண்டா என்று விசாரித்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜோசப் மட்டும் கை தூக்கினார். மெரினாவில் ஏறியிருக்கிறாராம். வாசனை எப்படி என்று ஆவலாகக் கேட்டேன். "ஏறிக்கிறேன் சார். ஆனா குதிர போத்திக்கினு இருந்து நான் பாத்ததில்ல."

தீர்ப்பு

அன்று மேலாளரும் எங்களோடு மேஜையில் உட்கார்ந்தார். சித்ராவுக்கு ஓட்டு கிடையாது, கதவோரம் நின்றார். வைக்கோல் நிறத்தில், கொஞ்சம் கலங்கலாகக் கிளாஸ்கள் வந்தன. ஜோசப் நிதானமாகக் குடித்துவிட்டு, பழைய சோற்றுத் தண்ணீரில் நார்த்தங்காய் பிழிந்ததுபோல் இருக்கிறது, குறை என்றார். பேக்கிங் பிரிவு லட்சுமி, மழையில் நனைந்த வைக்கோல்போர், குறை என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாட்டுக்கொட்டகை, அதுவும் விடியற்காலைக் கொட்டகை என்று நுணுக்கமாகத் தீர்ப்பளித்தேன். நீங்கள் சொன்ன எல்லாமே இந்த பீரில் இருக்க வேண்டியவைதான் என்று சித்ரா சொல்லிப் பார்த்தார். எங்களுக்கோ குறைகளின் பெயர்தான் தெரியும். நிறைக்கு எவரும் பயிற்சி தந்ததில்லை.

டேங்கைத் திறந்துவிடச் சொல்ல மேலாளர் போனை எடுத்தார். சித்ரா விறுவிறுவென்று வந்து குனிந்து, மேஜைக்கடியிலிருந்த வாளியை இழுத்து அவர் முன்னால் வைத்தார். வழக்கமாகப் பாதிக்கு நிரம்பும் வாளி அன்று துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. மேஜைமேல் இருந்த கிளாஸ்களும் காலி, மேலாளருடையது உட்பட. சித்ரா குரலை உயர்த்தவே இல்லை. "எல்லாரும் குறைன்னு சொன்னீங்க, சரி சார். மிச்சம் எங்க?"

மேலாளர் போனைப் பைக்குள் வைத்தார். டேங்க் இன்னும் இருக்கிறது. முனுசாமி அதன் பக்கம் போகக்கூடாது, ருசி பார்க்கிறவர்கள் ஆளுக்கு ஒரு மடக்காவது வாளியில் கொட்டியே தீர வேண்டும் என்ற புது உத்தரவு ருசி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.