வஹ்யோனோவின் திரை

வியாழக்கிழமை காலை ஐந்து இருபது. அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி இறந்தவரின் பெயரைச் சொன்னது: தர்மிதி, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். இரண்டாம் முறை சொன்னபோதுதான் அடுப்பை அணைத்தேன். மதியத் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது.

சுரபாயாவின் பழைய சாமான் சந்தை மாடியில் பதினொரு வருடம் அவர் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அவர் லேப்டாப் திரைகளைப் பார்ப்பார், நான் கீபோர்டுகளை. டிப்ளமா வாங்கியவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் காலேஜு. இருண்டுபோன திரை வந்தால் முதலில் திருகாணியைத் தொடமாட்டார். கடை விளக்கை அணைத்துவிட்டு, "காலேஜு, டார்ச்ச சாய்ச்சுப் பிடி" என்பார். சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகள் மங்கலாகத் தெரியும்.

"ஆளு உள்ளதான் இருக்காரு. விளக்குதான் செத்துப்போச்சு."

இதை மர்சினெம் அம்மாவிடமும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கப்பல் வேலைக்குப் போன அவள் மகன் வஹ்யோனோ இறந்து அப்போது மூன்று வாரம். அவள் கொண்டுவந்தது அவனுடைய லேப்டாப். இருபத்தைந்து வருடப் பழையதை அவன் விடவே இல்லையாம்.

"நாப்பது நாள் அவன் வீட்டத்தான் சுத்திக்கிட்டு இருப்பான். அதுக்குள்ள இது எரியணும்யா."

"வேற திரை கெடக்கு. மாட்டினா நாளைக்கே தந்துருவேம்மா."

"வேற திரையில எம்புள்ள கை இருக்குமா?"

திரையின் மேல் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு பெருவிரல் தடம். "வாழப்பழ பஜ்ஜியத் தின்னுட்டு கையக் கழுவாமத்தான் தொறப்பான், சோம்பேறி. திட்டித் திட்டி எனக்கு வாய் வலிச்சுது. தொடச்சிடாதீங்க."

வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டால் கண்ணாடியைத் துடைப்பது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். அவர் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

கேபிளை மாற்றினார். எரியவில்லை. விளக்குக்கு மின்சாரம் ஏற்றும் சிறு பலகையை மாற்றினார். புதன்கிழமை மாலை, அம்மா எதிரே உட்கார்ந்திருக்க, திரை இளஞ்சிவப்பாக மூன்று விநாடி எரிந்து அணைந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள இருக்கிற விளக்குக் குழல் தேஞ்சிருக்கு. நாளைக்கு மாத்திடுறேன்" என்றார். மறுநாள் அவர் இல்லை.

அடக்கத்துக்கு அம்மா வந்திருந்தாள். லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையைப் பிடித்தாள். "நீயும் நாப்பது எண்ண வேண்டியதாயிடுச்சே புள்ள."

"சனிக்கிழமை காலையில வாங்கம்மா, நான் முடிச்சுத் தரேன்" என்றேன். சனிக்கிழமை வஹ்யோனோவுக்கு நாற்பதாவது நாள்.

இன்று வெள்ளிக்கிழமை மதியம் திரையைப் பிரித்தேன். குழல் துடைப்பக் குச்சியைவிட மெல்லியது. பழையதை உருவி, புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்துச் செருகினேன். எரிந்தது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், அணையவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் வஹ்யோனோவின் விரல் தடம் மேலே அப்படியே இருந்தது.

கீழ் மூலையில் இன்னொன்று இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. தர்மிதி அண்ணனின் வலது பெருவிரலில் பற்றவைப்புக் கம்பி சுட்ட தழும்பு அப்படித்தான் ஓடும். வெறுங்கையால் கண்ணாடியைத் தொட்டால் என்னைக் கொன்றுவிடுவார். அந்த மூன்று விநாடியில், "பாருங்கம்மா" என்று அவரே கையை நீட்டியிருக்கிறார்.

அம்மா கேட்டது மகனுடைய தடத்தை மட்டும்தான். வேறொருவர் தடத்தோடு கொடுப்பது சரியில்லை. துணியை ஸ்பிரிட்டில் நனைத்தேன். அது காய்ந்துவிட்டது. மறுபடி நனைத்தேன்.

நாளை எட்டு மணிக்கு அவள் வருகிறாள். கீழ் மூலையை இன்னும் துடைக்கவில்லை.